திரையில் ஒரு வழக்குமன்றம்

கரிகாலன் இளைஞனாய் இருந்தபோது, வழக்கொன்றைக் கொண்டுவந்த முதியோர் இருவர் அவன் வயதைக் கண்டு தயங்கினர். அரசன் நரைமுடி தரித்து முதியவனாக வந்து அவ்வழக்கைக் கேட்டான் என்பது பழங்கதை. தீர்ப்புக்கு முன்னரே கோலம் நம்பிக்கையைத் தேடித்தர வேண்டியிருக்கிறது போலும்.

நம் காலத்தில் அந்த நரைமுடியின் வேலையைக் காக்கிச் சட்டை செய்தது. 1972இல் இந்தியக் காவல் பணியில் சேர்ந்த முதற்பெண்மணி கிரண் பேடி. 1993இல் திகார் சிறையின் பொறுப்பை ஏற்றார். 1994இல் மகசேசே விருது பெற்றார். 2007இல் விருப்ப ஓய்வு கொண்டார். அடுத்த ஆண்டே ஸ்டார் பிளஸ் தொலைக்காட்சியில் ‘ஆப் கீ கச்சஹ்ரி’யின் நடுவராக அமர்ந்தார். (நம் தாலுகா கச்சேரியும் அதே சொல்தான்; மாதுங்கா சபாக்களை எண்ண வேண்டா.) அவர் சட்டம் பயின்றவர், எனினும் நீதிபதியாய் இருந்தவர் அல்லர். அமெரிக்காவில் 1996 முதல் 2021 வரை இத்தகைய நிகழ்ச்சியை நடத்திய ஜூடித் ஷைண்ட்லினோ உண்மையிலேயே குடும்ப நீதிமன்றத்தில் அமர்ந்தவர். அங்கே தோற்றவர் தரவேண்டிய தொகையைத் தயாரிப்பாளரே செலுத்தினர். ஆகவே தோற்றவர் இழந்தது மானம் ஒன்றே.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணமின்றி, வாய்தாவுக்கு வாய்தா அலையும் ஏழைப் பெண்ணுக்கு இத்தகைய மேடை ஓர் ஆறுதல் என்பதை நாம் மறுக்கவில்லை. அவள் சொல்லைப் பிறந்த வீடும் கேட்காதபோது, ஊரறிந்த ஒருவர் செவிகொடுக்கிறாரே!

ஆனால் நீதிமன்றத்தின் கதவு எதற்காகத் திறந்திருக்கிறது? நீதிபதி நேர்மையாக நடக்கிறாரா என்று மக்கள் பார்ப்பதற்காக. 2018இல் உச்ச நீதிமன்றம் நேரடி ஒளிபரப்புக்கு இசைந்து, 2022இல் அரசியல் சாசன அமர்வின் விசாரணைகளை மக்கள் காணச் செய்ததும் அதற்காகவே. கணவன் மனைவி பிணக்கு போன்றவற்றில் அதே சட்டம் கதவைச் சாத்திக்கொள்ளவும் இடம் தருகிறது. தொலைக்காட்சி மன்றத்திலோ பார்வை திசை மாறிவிடுகிறது. நாம் நடுவரைச் சோதிப்பதில்லை. அழுகின்றவளின் முகத்தைப் பார்க்கிறோம். தமிழில் வந்த ‘சொல்வதெல்லாம் உண்மை’யையும் நம் இல்லங்களில் அப்படித்தானே பார்த்தோம்?

இரு தரப்பும் இசைந்தே வந்தனர் என்பர். வேறு வழியற்றவளின் இசைவை எவ்வளவு தூரம் இசைவென்று கொள்வது?

அம்பர்நாத்தில் பிழைக்க வந்த நம் குடும்பங்களிடையேயும் பிணக்குகள் உண்டு. தீர்த்துவைக்கும் பெரியவர்களும் உண்டு. அவர்களும் சில வேளை தவறான பக்கம் சாய்ந்ததுண்டு. ஆனால் சாய்ந்தவர் மறுநாட் காலை அதே குழாயடியில், அதே ரயில் பெட்டியில், தோற்றவரின் முகத்தில் விழித்தாக வேண்டும்.