தூணியும் அம்பும்

பனி என்பது ஒரு சொல், பனியோ ஒருவகையன்று. பனிமலை நாடுகளில் வாழ்வோர் இதனை நன்கறிவர். புதிதாய்ப் பெய்த உலர்பனி மிக மெல்லியது. ஒரு கனமீட்டர் எடுத்து நிறுத்தால் பெரும்பாலும் 50 முதல் 100 கிலோகிராம் எடையே காட்டும். காற்று அடித்து இறுக்கிய பனியோ அதனினும் பன்மடங்கு செறிவுடையது. பகலில் உருகி இரவில் உறைந்த பனி கண்ணாடியை ஒக்கும். இளவேனில் நண்பகலில் அதே பனி ஈரமணல்போல் காலைப் பற்றி இழுக்கும்.

இவை அனைத்திற்கும் ஒரே சறுக்குப் பலகை பொருந்துமா? முற்றும் பொருந்தாது என்பதே இயற்பியல் தரும் விடை. மென்பனியில் மனிதன் அமிழாதிருக்க வேண்டுமெனில், அவனது எடை பரந்த பரப்பில் பகிரப்பட வேண்டும். ஆகவே பலகை அகன்றிருத்தல் நன்று. இறுகிய பனியிலோ பலகையின் எஃகு விளிம்பு பனியைக் கடித்துப் பிடிக்க வேண்டும். ஒரு விளிம்பிலிருந்து மறுவிளிம்பிற்கு விரைந்து மாறவும் வேண்டும். ஆகவே பலகை ஒடுங்கியிருத்தல் நன்று. கடினப் பனிக்கென இடைப்பகுதி ஏறத்தாழ 70 மில்லிமீட்டர் உடைய பலகைகளும், ஆழ்ந்த மென்பனிக்கென 110 மில்லிமீட்டரைக் கடந்தவையும் இன்று விற்கப்படுகின்றன. இவற்றிற்கு இடைப்பட்டவை பற்பல.

எனவே ஆர்வம் மிகுந்தோர் மூன்று, நான்கு, ஏழு இணைகள் எனச் சேர்த்து வைக்கின்றனர். ஆங்கிலம் பேசும் சறுக்கு வீரர்கள் இத்தொகுப்பிற்கு இட்டுள்ள பெயர் நம் இலக்கியங்களில் நாம் பலகால் கண்ட ஒன்றே: அம்பறாத்தூணி. அழகிய பெயர்தான். ஆயினும் அப்பெயரே ஒரு வினாவையும் எழுப்பிவிடுகிறது. தூணியில் அம்பு மிகுந்தால் வில்லாண்மை மிகுமா?

பல கருவிகளைச் சேர்ப்போரைப் பேராசைக்காரர் எனப் பழித்துவிடுதல் எளிது. அது நடுவுநிலை ஆகாது. தச்சனிடம் ஒரே உளி இருப்பதில்லை. பழங்காலத்தில் ஸ்காண்டிநேவியப் பகுதிகள் சிலவற்றில் ஒரு காலில் நெடும்பலகையும், மறுகாலில் விலங்குத்தோல் போர்த்த குறும்பலகையும் அணிந்து சென்றனர். ஒன்று வழுக்குதற்கு, மற்றொன்று உந்துதற்கு. இரு வேறு பணிகள் இரு வேறு கருவிகளை வேண்டின. இங்கே கருவிகளைப் பெருக்கியது ஆசையன்று, தேவை.

மறுபக்கமும் உண்டு. ஆல்தாய் மலைப்பகுதியின் வேட்டுவர் மரப்பலகையின் அடியில் குதிரைத்தோலைப் போர்த்திச் செல்வர். அதன் மயிர் கீழ்நோக்கிச் செல்கையில் வழுக்கும். மேலேறுகையில் பின்வழுக்காது பற்றும். ஓர் இணைப் பலகையும் ஒரு கோலுமே கொண்டு அவர்கள் மலையேறி இறங்குவர். நார்வே நாட்டின் டெலிமார்க் பகுதியில் 1825-இல் பிறந்த சொந்திரே நூர்ஹைம் என்பவர் வறியவர். முறுக்கிய இளங்கொம்புகளால் குதிகாலைச் சுற்றிப் பிணைத்துப் பலகையைத் தம் காலோடு ஒன்றச் செய்தார். 1868-இல் கிறிஸ்தியானியா எனப்பட்ட இன்றைய ஆஸ்லோவில், தம் 42ஆம் வயதில், தம் திறத்தால் கண்டோரை வியக்க வைத்தார். அவர் புகழ் பலகைகளின் எண்ணிக்கையால் வந்ததன்று. பலகைக்கும் காலுக்கும் இடையே அவர் கண்ட பிணைப்பால் வந்தது.

அங்ஙனமாயின் எல்லை யாது? திருவள்ளுவர் பொருட்பாலில் மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்துள்ளார்: வலியறிதல், காலமறிதல், இடனறிதல். பனியின் தன்மை காலத்தையும் இடத்தையும் சார்ந்தது. அவ்விரண்டிற்கும் ஏற்ற பலகையைப் பொருள் கொடுத்து வாங்கலாம். முதலாவதான வலியறிதலோ எக்கடையிலும் கிடைப்பதன்று.

இதனைப் புறக்கணித்தால் வரும் கேடு சிறிதன்று. மலைச்சரிவிலிருந்து பனிப்பாளம் பிரிந்து இறங்கி உயிர் குடிக்கும் பனிச்சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 பாகை வரையிலான சரிவுகளில் நிகழ்கின்றன. சறுக்குவோர் விரும்பிச் செல்லும் சரிவுகளும் அவையே. உயிரிழப்பு நேர்ந்த நிகழ்வுகளுள் பெரும்பாலானவற்றில், சிக்கியவரோ அவருடன் சென்றவரோதாம் அப்பாளத்தைப் பெயர்த்துவிட்டவர்கள். அகன்ற பலகை ஆழ்பனியில் செல்லுதலை எளிதாக்குகிறது. ஆனால் அப்பனிக்கு அடியில் வலுவற்ற படலம் ஒன்று மறைந்திருக்கிறதா என்பதை அது சொல்வதில்லை. முழுத் தூணியை உடையவன், “எதற்கும் ஆயத்தமாய் உள்ளேன்” என்று நம்புகிறான். அந்நம்பிக்கை, திரும்பிச் செல்ல வேண்டிய இடத்தில் அவனை முன்செலுத்துமாயின், அவன் சேர்த்த கருவிகளே அவனுக்குப் பகையாகின்றன.

ஆகவே, எத்தனை பலகைகள் தகும் என்று எண்ணிச் சொல்ல யான் முற்படவில்லை. புதியது ஒன்றை வாங்குமுன் ஒருவன் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டிய வினாக்கள் மூன்று. இதனை வேண்டுவது பனியா, என் கண்ணா? என்னிடம் உள்ளது இயலாதென்று கைவிட்டதா, நான் கற்காது கைவிட்டேனா? இது என் அறிவை வளர்க்குமா, அறிவு இல்லாத இடத்தை மறைக்குமா? இம்மூன்றிற்கும் நேர்மையாக விடை சொல்ல வல்லவன் ஏழு இணைகள் வைத்திருந்தாலும் குற்றமில்லை. வல்லாதவனுக்கு ஓரிணையும் மிகையே.

பனி பெய்யாத நாட்டில் இருந்து இதனைப் படிக்கும் ஆசிரியரும் மாணவரும் நகைத்துக் கடந்துவிடலாம். ஒருமுறை தத்தம் நூலடுக்கை நோக்குக. விரித்துப் பாராத அகராதிகளும் மடிப்புக் கலையாத உரைநூல்களும் அங்கே வரிசையாய் நிற்கக் காணலாம். அவையும் ஒரு தூணியே. அம்பைச் சேர்த்தல் பிழையன்று; சேர்த்ததையே எய்ததாக எண்ணி அமைதல் பிழை.