வழி கேட்பது

ஒரு பொருளை ஒளித்து வைத்துவிட்டு, அதை ஒளித்து வைத்த இடத்தை ஊரறியச் சொல்லுகிறவனைப் பற்றி நாம் என்ன நினைப்போம்? பெட்டியையும் கொடுத்துச் சாவியையும் கொடுக்கிற பேர்வழி என்று சிரிப்போம். ஆனால் 2000-ஆம் ஆண்டு மே மாதம் 3-ஆம் தேதி, அமெரிக்காவில் ஆரெகன் மாகாணத்தில், டேவ் அல்மர் என்பவர் இந்தக் காரியத்தைத்தான் செய்தார். ஒரு கறுப்பு வாளியில் சில புத்தகங்கள், கொஞ்சம் பணம், ஓர் உண்டிவில், ஒரு டப்பா அவரைப் பயறு முதலியவற்றைப் போட்டார். காட்டோரத்தில் பாதி புதைத்து வைத்தார். அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை எல்லாருக்கும் அறிவித்துவிட்டார். அவர் விதித்த நிபந்தனை ஒன்றே ஒன்று. எதையாவது எடுத்துக்கொள்கிறவர், பதிலுக்கு எதையாவது வைத்துவிட்டுப் போக வேண்டும். உள்ளே இருந்த நோட்டுப் புத்தகத்தில் வந்தவர் தம் வருகையை எழுதி வைக்கவும் வசதி இருந்தது.

அந்தத் தேதிக்கு ஒரு காரணம் உண்டு. வானத்தில் ஏறக்குறைய 20,200 கிலோ மீட்டர் உயரத்தில் சுற்றிக்கொண்டிருக்கும் அமெரிக்கச் செயற்கைக் கோள்கள், பூமியில் ஒருவன் நிற்கும் இடத்தைக் கணக்கிட்டுச் சொல்ல உதவுகின்றன. அவற்றில் நான்கின் ஒலிபரப்பு கிடைத்தால் போதும். ராணுவத்துக்காக ஏற்பட்ட அந்த ஜி.பி.எஸ். ஏற்பாட்டில், பொதுமக்களுக்குக் கிடைக்கும் கணக்கில் மட்டும் சுமார் நூறு மீட்டர் பிசகு இருக்கும்படி வேண்டுமென்றே செய்து வைத்திருந்தார்கள். அந்தத் திட்டமிட்ட பிசகை மே மாதத்தின் முதல் இரண்டு தினங்களுக்குள் அமெரிக்க அரசாங்கம் நீக்கியது. மறுநாளே வாளி புதைந்துவிட்டது! இதற்கு 'ஜியோகேச்சிங்' என்று பெயரும் வந்து சேர்ந்தது. பல தேசங்களில் பல லட்சம் பெட்டிகள் மரப்பொந்திலும் பாலத்தடியிலும் ஒளிந்துகொண்டன. விளையாட்டு வளர வளர விதிகளும் வளர்ந்தன. பெட்டியைப் புதைக்கக் கூடாது. நிலத்துக்கு உரியவரின் சம்மதம் பெறாமல் வைக்கவும் கூடாது. இந்த இரண்டாவது விதியை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இதற்கென்று மழைக்கும் புழுதிக்கும் தாங்கும் கையடக்கக் கருவிகள் உண்டு. அதைத் தனியாக விலை கொடுத்து வாங்க மனமில்லாத சிலர், மோட்டார் காரின் கண்ணாடியில் ஒட்டி வைத்திருக்கும் வழிகாட்டிக் கருவியையே கழற்றி எடுத்துக்கொண்டு காட்டுக்குள் இறங்கிப் பார்த்தார்கள். அப்போதுதான் அந்தக் கருவியின் உள்ளம் விளங்கிற்று. மனிதன் என்றால் அவன் சாலையில்தான் இருப்பான் என்பது அதன் அசைக்க முடியாத நம்பிக்கை. நீங்கள் வரப்பில் நடந்தாலும், பக்கத்துச் சாலையின் மேல் உங்களை இழுத்து நிறுத்தித்தான் படத்தில் காட்டும். 'சாலை வேண்டாம், நேராகக் காட்டு' என்று அதன் அமைப்பை மாற்றினால், நூல் பிடித்தாற்போல் ஒரு கோடு போட்டு, இன்னும் இத்தனை மீட்டர் என்று சொல்லும். கோட்டுக்குக் குறுக்கே கிணறு இருக்கிறதா, முள்வேலி இருக்கிறதா என்பதெல்லாம் அதற்கு அநாவசியம். சில மணி நேரத்தில் மின்சாரமும் தீர்ந்துபோகும். இன்று பெரும்பாலோருக்குக் கைப்பேசியே இந்த வேலையைச் செய்கிறது என்றாலும், சாலையின் மேல் அதற்குள்ள பற்று அப்படியேதான் இருக்கிறது.

நம் நாட்டில் இந்த விளையாட்டு அவ்வளவாகப் பரவவில்லை. தேவைப்படவில்லை என்றுகூடச் சொல்லுவேன். நம் பாட்டன் பூட்டன்கள் நமக்காக ஒளித்து வைத்துவிட்டுப் போன பெட்டிகள் ஏற்கெனவே ஆயிரக்கணக்கில் இருக்கின்றனவே! குலதெய்வக் கோயில்களைத்தான் சொல்லுகிறேன்.

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் சின்னசேலம் தாலுகாவைச் சேர்ந்தது நைனார்பாளையம். மூன்று தலைமுறைக்கு முன் அந்தப் பக்கத்தை விட்டுச் சென்னைக்குப் போய்விட்ட ஒரு குடும்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பேரனுக்குக் கல்யாணம் தட்டிப்போகிறது. ஜோசியர் குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்கச் சொல்லுகிறார். தெய்வம் எங்கே இருக்கிறது? பாட்டி சொல்லிக்கொண்டிருந்தது இவ்வளவுதான்: நைனார்பாளையத்துக்குப் போகிற வழி, ஏரிக்கரை தாண்டி, ஒற்றை வேப்பமரம். ஏரியும் வேப்பமரமும் இல்லாத ஊர் எது? 'பாளையம்' என்று முடியும் ஊர்களுக்கோ தமிழ்நாட்டில் கணக்கே இல்லை. நைனார்பாளையம் என்பதை இங்கிலீஷ் எழுத்தில் நாலு விதமாக எழுதலாம். கருவி எந்த எழுத்தை ஏற்றுக்கொள்ளும் என்பது அதன் மனசைப் பொறுத்தது. கடைசியில் தூரத்து உறவினர் ஒருவர் எண்களை அனுப்பி வைக்கிறார். அட்சரேகை 11 பாகை சொச்சம், தீர்க்கரேகை 79-க்குச் சற்று முன் பின். எண்கள் வந்துவிட்டால் பிறகென்ன? உளுந்தூர்ப்பேட்டையில் திரும்பி, தியாகதுருகம், கள்ளக்குறிச்சி, சின்னசேலம் என்று கார் வழுக்கிக்கொண்டு வருகிறது. ஓரிடத்தில் தார் ரோடு மண் பாதையாகிறது. மண் பாதை வண்டித் தடமாகிறது. வண்டித் தடம் ஒரு வரப்பில் போய் முட்டுகிறது. 'நீங்கள் சேர வேண்டிய இடம் வந்துவிட்டது' என்று ஒரு பெண் குரல் அறிவிக்கிறது. சுற்றிலும் ஆள் உயரத்துக்கு மக்காச்சோளம். வடமேற்கே கல்வராயன் மலை நீல நிறத்தில் படுத்திருக்கிறது. கோயிலைக் காணோம்.

கோயில் இருக்கத்தான் இருக்கிறது. முந்நூறு மீட்டர் தள்ளி, சோளத்துக்கு அப்பால். சென்னையிலிருந்து இந்த வரப்பு வரையில் அந்தக் குடும்பம் ஒரு மனிதரோடும் பேசவில்லை. சுங்கச் சாவடியில்கூடப் பேச்சுக்கு இடமில்லை. இது நல்லதா, கெட்டதா?

முன்பு என்றால் சின்னசேலத்து டீக்கடையில் ஒரு முறை, நைனார்பாளையத்துத் திண்ணையில் ஒரு முறை நின்று கேட்டிருப்பார்கள். கேட்டவுடன் வழி கிடைத்துவிடாது. "எந்த ஊருங்க? யார் ஊட்டுக்கு வந்திருக்கீங்க?" என்று எதிர்க்கேள்விதான் முதலில் வரும். பாட்டனார் பெயரைச் சொல்ல வேண்டும். "அட, அவரு பேரனா நீங்க!" என்று ஒரு கிழவர் எழுந்து வருவார், வழி சொல்லுவதோடு நிற்காமல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு காரிலேயே ஏறிவிடுவார். வழி கேட்பது என்பது வெறும் தகவல் கேட்பதன்று. நான் இன்னான், உங்கள் மண்ணுக்குள் வருகிறேன், எனக்கு ஏதேனும் ஆனாலும் என்னால் ஏதேனும் ஆனாலும் உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும் என்று சொல்லிக்கொள்வது அது. கேட்டுக்கொண்டு வருகிறவன் விருந்தாளி ஆகிறான். எண்ணைப் பிடித்துக்கொண்டு வருகிறவனை என்னவென்று சொல்லுவது? வந்தவன், அவ்வளவுதான்.

எண்ணால் இடத்தைப் பிடிப்பது நமக்குப் புதிதன்று. 1802-ல் சென்னை பரங்கிமலைக்கு அருகே அடிக்கோடு அளந்து, இந்த தேசத்தின் பெரிய நில அளவையைத் தொடங்கினார் வில்லியம் லாம்ப்டன். குன்று இல்லாத சமவெளியில் கோயில் கோபுரங்களின் மேலேயே அளவைக் கருவியை ஏற்றினார். அரை டன் எடையுள்ள அந்தக் கருவி, 1808-ல் தஞ்சைப் பெரிய கோயிலில் ஏற்றும்போது கயிறு அறுந்து மோதிப் பழுதடைந்தது. கயிறு பிடிக்க எத்தனை கைகள், வேடிக்கை பார்க்க எத்தனை கண்கள் இருந்திருக்கும்! அளக்க வந்தவரை ஊர் பார்த்தது. மேலே சுற்றும் கோளை யார் பார்க்கிறார்கள்?

திண்ணையின் பெருமையை இவ்வளவு சொல்லிவிட்டு அதோடு விட்டுவிடுவது யோக்கியமாகாது. "யார் ஊட்டுக்கு?" என்ற கேள்விக்குப் பின்னால் இன்னொரு கேள்வி ஒளிந்திருப்பதை நாம் எல்லாரும் அறிவோம். எந்தத் தெரு, என்ன ஜாதி என்பதே அது. பாட்டனார் பெயரைச் சொன்னதும் கிழவர் காரில் ஏறிக்கொள்வது எல்லாப் பேரன்களுக்கும் நடக்கிற காரியமன்று; சில பேரன்களுக்கு அந்தப் பெயரைச் சொன்ன மாத்திரத்தில் திண்ணையின் முகம் மாறிவிடும். அப்படிப்பட்டவனுக்கு, 'நீ யார்?' என்று கேட்காமல் வழி சொல்லும் யந்திரம் எவ்வளவு பெரிய வரம்! வானத்திலிருந்து வரும் சமிக்ஞை எந்தத் தெருவையும் சுற்றிக்கொண்டு போவதில்லை. கருவி வந்ததால் கிராமத்தின் உறவு போயிற்று என்று அழுகிறவர்கள், அந்த உறவு யார் யாருக்குக் கிடைத்துக்கொண்டிருந்தது என்பதையும் சொல்லிவிட்டு அழ வேண்டும்.

இன்னொன்றும் நடந்தது. அது நைனார்பாளையத்திலிருந்து வெகு தூரத்தில் அல்ல. திருவண்ணாமலை மாவட்டத்தில், போளூருக்கு அருகே அத்திமூர்ப் பக்கம். 2018 மே மாதம் 9-ஆம் தேதி, சென்னையிலிருந்து ஒரு குடும்பம் காரில் குலதெய்வத்தைத் தேடிக்கொண்டு அங்கே வந்தது. நான் மேலே புகழ்ந்த காரியத்தையே அவர்கள் செய்தார்கள். காரை நிறுத்தினார்கள்; வழி கேட்டார்கள். அறுபத்தைந்து வயது மூதாட்டி ஒருவர், அங்கிருந்த குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். பிள்ளை பிடிக்கிறவர்கள் ஊர் ஊராகத் திரிகிறார்கள் என்ற வதந்தி, அந்த வாரங்களில் வாட்ஸ்அப் வழியாகக் கைப்பேசிக்குக் கைப்பேசி பாய்ந்துகொண்டிருந்த சமயம். கூட்டம் கூடியது. அவர்களைத் துரத்தி அடித்தார்கள். மூதாட்டி இறந்துபோனார், உடன் வந்தவர்கள் படுகாயமடைந்தார்கள்.

இதை நினைக்கும்போது என் வாதம் தடுமாறத்தான் செய்கிறது. எண்ணைப் பிடித்துக்கொண்டு வாய் திறவாமல் போயிருந்தால் அந்த அம்மாள் உயிரோடு வீடு திரும்பியிருப்பார் அல்லவா? ஆம். அதற்காகக் கேட்காமல் போவதுதான் தர்மம் என்று ஆகிவிடுமா? வழி கேட்கிறவனுக்கு ஒரு கடமை உண்டு என்றால், கேட்கப்பட்டவனுக்கு அதைவிடப் பெரிய கடமை உண்டு. வழி தெரியாதவன் தன் பலவீனத்தை வாய்விட்டுச் சொல்லுகிறான். அந்த நேரத்தில் அவன் பிறர் கையில் இருக்கிறான். அவனைக் கைவிடுவது அடைக்கலம் வந்தவனைக் கைவிடுவதற்குச் சமம். அத்திமூரில் கேட்கப்பட்டவர்கள் எதிரே நின்ற கிழவியின் முகத்தை நம்பவில்லை. கையில் இருந்த கண்ணாடிச் சில்லின் சொல்லை நம்பினார்கள். முகத்தைப் பார்த்துப் பேசும் பழக்கம் தேயத் தேய, முகத்தைப் படிக்கும் திறமையும் தேய்கிறதோ என்று எனக்குச் சந்தேகம். காரில் இருப்பவர் கேட்பதை நிறுத்திக்கொண்டால், திண்ணையில் இருப்பவர் அந்நியரைக் காணும் சந்தர்ப்பமும் குறைந்துபோகிறது. இருவருமே பழக்கம் விட்டுப்போனவர்கள் ஆகிறார்கள். பிறகு என்றைக்கோ ஒரு நாள் கார் நிற்கும்போது அது ஒரு சம்பவமாகிவிடுகிறது.

வரப்பில் நிற்கும் குடும்பத்துக்குத் திரும்புவோம். கருவியின் நேர்க்கோடு சோளத்தை வெட்டிக்கொண்டு போகிறது. அந்தச் சோளம் யாருடையது? கருவி இடத்தைச் சொல்லும், அனுமதியைச் சொல்லாது. நாலு பேர் பொங்கல் பானையோடு நேரே நடந்தால் ஒரு பத்தி பயிர் சாயும். மேற்கத்திய விளையாட்டுக்காரர்கள், ஒரு பிளாஸ்டிக் டப்பாவை வைப்பதற்குக்கூட நிலத்துக்காரரைக் கேட்க வேண்டும் என்று விதி செய்துகொண்டார்கள். தெய்வத்தைத் தேடி வருகிறவருக்கு அந்த விதி வேண்டாம் என்று எந்தத் தெய்வமும் சொல்லாது.

இன்னும் ஒன்று. சாலை முடிந்த பிறகு நடக்கும் தூரம்தான் அந்த விளையாட்டின் ருசி என்பார்கள். கல்வராயன் மலைமேல் போனால் அதே தூரம் வேறு விதமாகக் கசக்கும். அங்குள்ள கிராமங்களில் சாலை முடிந்த பிறகும் வாழ்க்கை முடியவில்லை. அந்த மலைமக்களின் அடிப்படை வசதிகளைப் பற்றி 2024-ல் சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கெடுத்து விசாரித்தது; சாலையும் அதில் ஒரு பேச்சு. பெட்டி தேடுகிறவர் ஆசைக்கு நடக்கிற தூரத்தைப் பிரசவ வேதனையோடு ஒருத்தி கடக்க நேர்ந்தால், அதை விளையாட்டு என்று யார் சொல்லுவார்? கருவியின் படத்தில் வெறுமையாகத் தெரிகிற இடம், அளந்தவருக்குத்தான் வெறுமை.

சோளத்தைச் சுற்றிக்கொண்டு, ஓடையோரமாக ஒரு தடம் இருக்கிறது. அது எந்தப் படத்திலும் இல்லை. அதன் வழியே போனால் வேப்பமரம், சூலம், மண் குதிரை, ஒரு சிறு தகரக் கொட்டகை, அதற்கு ஓர் இரும்புக் கதவு எல்லாம் தென்படும். கதவில் பூட்டு. சாவி பூசாரியிடம்; பூசாரி மரவள்ளிக்குத் தண்ணீர் பாய்ச்சப் போயிருப்பார். அவர் வீடு எது என்று கேட்கத்தான் வேண்டும். அந்த நேரத்தில் பெரியவர்கள் காட்டு வேலையில் இருப்பார்கள். ஊர் எல்லையில் முதலில் எதிர்ப்படுவது, சைக்கிள் டயரைக் குச்சியால் தட்டி ஓட்டிக்கொண்டு வரும் ஒரு சிறுவனாகத்தான் இருக்கும். "தம்பி, பூசாரி வீடு எதுப்பா?" என்று கேட்க வாய் எடுக்கிற பாட்டியின் கையை, பின்னால் நிற்கும் பேரன் மெல்லப் பிடித்து இழுக்கிறான். சிறுவனோ டயரை நிறுத்திவிட்டு, யாரோ எதையோ கேட்கப் போகிறார்கள் என்று பார்த்துக்கொண்டு நிற்கிறான்.