கடன் யாருடையது?

நகைக் கடன் விண்ணப்பத்தில் ஒரு வாக்கியம் உண்டு: கீழ்க்கண்ட நகைகள் என் சொந்த உடைமை. அட்டிகையையும் தோட்டையும் கவுண்ட்டரில் வைத்துவிட்டு மீசைக்காரர் ஒருவர் அதன்கீழ் கையெழுத்துப் போடுவார். நான் இனிஷியல் போடுவேன். கோபி பக்கத்துக் கிளை ஒன்றில் நான்கு வருஷம் இதைச் செய்தேன். தோடு யாருடையது என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஏல நோட்டீஸ் போன பிறகு ஒருவருடைய மனைவி வந்தார். "அது எங்கம்மா போட்டதுங்க. நானெங்கீங்க கையெழுத்துப் போட்டேன்?" ரசீது உங்கள் வீட்டுக்காரர் பேரில் இருக்கிறது என்றேன். பொய்யில்லை.

இலங்கையின் கடன் விவகாரத்தை யோசிக்கும்போதெல்லாம் இந்தப் பொய்யில்லாத பதில் இடறுகிறது. 2022 ஏப்ரல் 12 அன்று அந்நாடு வெளிக்கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்தியது. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் ஏறக்குறைய 300 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. 1965 முதல் எண்ணினால் 17வது உடன்பாடு. பெட்ரோலுக்கும் சமையல் வாயுவுக்கும் ஜனங்கள் வரிசையில் கிடந்ததை மறந்துவிட்டு, இந்தக் கடனே கூடாது என்று கோவையில் உட்கார்ந்து சொல்வது எளிது. அது ஒருவகை அழகியல் சுகம். நம் வட்டத்தில் அதற்குப் பஞ்சமில்லை. என் கேள்வி வேறு. வாங்கியதைத் திருப்பித் தருவது தர்மம் என்கிறோம். அந்தத் தர்மம் வாக்குக் கொடுத்தவனைத்தான் கட்டும். நாடு என்ற ஒற்றை ஆசாமி வாக்குக் கொடுக்கும்போது கவுண்ட்டரில் இருப்பது யாருடைய நகை?

2023 ஜூலையில் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு வந்தது. வங்கிகளுக்கு விலக்கு. வரிச்சுமை, வாராக்கடன், டெபாசிட்காரர்களின் பாதுகாப்பு என்று காரணங்கள். வங்கிக்காரனுக்கு அவை புரியாதவை அல்ல. பாரம் ஊழியர் சேமலாப நிதியத்தின்மேல் இறங்கியது. 1958இல் உண்டான அந்த நிதியத்தில் தொழிலாளியின் சம்பளத்தில் 8 சதவீதமும் முதலாளியின் பங்காக 12 சதவீதமும் சேர்கின்றன. பணத்தை நிர்வகிப்பது மத்திய வங்கி. பழைய பத்திரங்களைக் கொடுத்துவிட்டு, 2025 வரை 12, பிறகு 9 சதவீதம் வட்டி தரும் புதியவற்றை வாங்கிக்கொள்ள வேண்டும். மறுத்தால் வருமானத்தில் 30 சதவீதம் வரி. அதற்கு முன்பே, 2022 செப்டம்பரில் 70 சதவீதத்தைத் தொட்ட விலையேற்றம் அந்தச் சேமிப்பை அரித்திருந்தது. வெளிநாட்டுப் பத்திரக்காரர்களும் நஷ்டப்பட்டார்கள்தான். ஆனால் 2024 டிசம்பரில் அவர்கள் பெற்ற புதுப் பத்திரங்கள் சிலவற்றில், பொருளாதாரம் எதிர்பார்த்ததைவிட வளர்ந்தால் கூடுதல் பணம் என்று ஷரத்து இருக்கிறது. கொழுந்து பறிப்பவளின் சேமிப்புக்கு அப்படியொரு ஷரத்து இல்லை.

அலெக்ஸாண்டர் சாக் என்ற ருஷ்யச் சட்ட அறிஞர் 1927இல் ஒரு வாதம் வைத்தார். மக்கள் சம்மதமின்றி, மக்கள் நன்மைக்கின்றி, கடன் கொடுப்பவனுக்கும் இது தெரிந்தே வாங்கிய கடன் அந்த ஆட்சியோடு ஒழிய வேண்டும். இலங்கைக்கு அது பொருந்தாது. ஓட்டு வாங்கி வந்த அரசு. சிக்கலே இங்குதான். எந்த மக்கள்? 1948இன் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களில் பெரும்பாலோரை மக்கள் கணக்கிலிருந்தே நீக்கியது. 1964 ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்தது. அப்படி வந்த குடும்பங்கள் மேட்டுப்பாளையத்துக்கு மேலே கோத்தகிரியில் இருக்கின்றன. அங்கே நாடற்று எஞ்சியவர்களுக்குக் குடியுரிமை தரும் சட்டம் 2003இல்தான் வந்தது. கையெழுத்துப் போடும் 'நாம்' விலக்கிவைத்தவர்களை, திருப்பிக் கட்டும் 'நாம்' ஒருநாளும் மறந்ததில்லை.

கடன் கொடுப்பவனுக்கு இது தெரியாது என்பது பாவனை. அந்தப் பாவனை இல்லாமல் கடன் நடக்காது என்பதும் நிஜம். மனைவியைக் கூட்டிவாருங்கள் என்று நான் சொல்லியிருந்தால் அன்றைக்கு மஞ்சளுக்கு உரம் இல்லை. அந்த அம்மாளே என்னை வைதிருப்பார்.

ஏலத்தில் அசலும் வட்டியும் போகக் கொஞ்சம் மிஞ்சியது. விதிப்படி அதை அவர் வீட்டுக்காரர் கணக்கில் வரவு வைத்தேன்.