பூட்டிய விடுதியும் மிச்சக் கணக்கும்

ஒரு முடிவு சரியானதாக இருந்தால், அதனால் அடிபட்டவருக்கு நாம் எதுவும் கொடுக்க வேண்டியதில்லையா?

இன்ஜினியரிங் முடித்து ஆஃபர் லெட்டருக்குக் காத்திருந்த எட்டு மாதம், மசினகுடியில் ஒரு சஃபாரி ரிசார்ட்டில் வேலை பார்த்தேன். ரிசப்ஷன், பில், கெஸ்ட்டுகளுக்கு ஜீப் பேசிவிடுவது என்று எல்லாம். வருகிறவர்கள் சாவி வாங்கும் முன்னே கேட்பது ஒன்றுதான்: "ஆனை வருமா?" வராமல் எங்கே போகும்? மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளையும் கிழக்குத் தொடர்ச்சி மலைக் காடுகளையும் இணைக்கிற சீகூர் பீடபூமி அது. யானை தன் வழியில் வந்தது. வழியில் வேலி இருந்தது. வேலிக்கு இந்தப் பக்கம் நாற்காலி போட்டு, அதைப் பார்க்கக் காசு வாங்கினார்கள்.

யானை வழித்தடம் தொடர்பான அரசாணை செல்லும் என்று 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. 2018 ஆகஸ்டில் 11 விடுதிகளுக்குச் சீல் வைக்க உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2020 அக்டோபர் 14 அன்று உயர் நீதிமன்றத் தீர்ப்பை உறுதி செய்தது. அடுத்த ஜனவரியிலேயே, மசினகுடியில் எரியும் டயரை வீசியதில் காது கிழிந்த யானை ஒன்று செத்தது. தீர்ப்பு சரிதானா என்று அதன்பிறகும் கேட்பவரிடம் பேச எனக்கு எதுவும் இல்லை.

நான் வேலை பார்த்த இடமும் மூடப்பட்டவற்றில் ஒன்று. பல வருடம் கழித்துப் போய்ப் பார்த்தேன். கேட்டில் பூட்டு, உள்ளே முழுக்க உண்ணிச்செடி. அங்கே சமையல் பார்த்த மாஸ்டர் இப்போது டீக்கடை வைத்திருக்கிறார். கோபமாகப் பேசுவார் என்று நினைத்துப் போனேன். அவர் சொன்னது வேறு.

"ஆனை போற வழியில கட்டுனது தப்புதான் தம்பி. ஆனா கட்டும்போது என்னைக் கேட்டா கட்டுனாங்க? பூட்டும்போதும் கேக்கல. ரெண்டுக்கும் நடுவுல பதினாலு வருசம் அடுப்புகிட்ட நின்னேன்."

முதலாளியிடம் பட்டா இருந்தது, வக்கீல் இருந்தார். நில உரிமையாளர்களின் ஆட்சேபங்களைக் கேட்க உச்ச நீதிமன்றம் ஒரு குழுவே அமைத்தது. மாஸ்டரிடம் ஆட்சேபிக்க என்ன இருக்கிறது? நிலம் வைத்திருந்தவருக்கு இழக்க ஒரு பொருள் இருந்தது, அதற்குக் காகிதமும் இருந்தது. உழைப்பை மட்டும் வைத்திருந்தவருக்கு இழப்பு மட்டும்தான் உண்டு. அதை எழுதிக்கொடுக்க ஒரு படிவம்கூட இல்லை.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, அது வலுவானதும்கூட. தொழிலாளியின் வயிற்றைக் காட்டினால் உலகில் எதையுமே மூட முடியாது. சாயப்பட்டறையில் தொடங்கி டாஸ்மாக் வரை எல்லா இடத்திலும் ஒரு மாஸ்டர் நிற்பார். முதலாளிகள் முதலில் முன்னால் தள்ளுவதும் அவரைத்தான். சம்பள உயர்வு கேட்ட நாளில் 'ஒரு ஆள்' ஆக இருந்தவர், வழக்கு வந்ததும் 'எங்களை நம்பியிருக்கும் குடும்பம்' ஆகிவிடுவார். இதெல்லாம் உண்மை. ஆனால் இந்த மறுப்பு ஒன்றை மட்டும்தான் நிரூபிக்கிறது: அவர் துயரம் தீர்ப்பை மாற்றும் காரணமாக முடியாது. அந்தத் துயரத்துக்கு யாருமே பொறுப்பில்லை என்று அது நிரூபிக்கவில்லை.

பெர்னார்ட் வில்லியம்ஸ் 1965இல் எழுதிய கட்டுரை ஒன்றில் இதைத் தொடுகிறார். இரண்டு கடமைகள் மோதும்போது சரியானதையே தேர்ந்தாலும், நிறைவேற்றாமல் விட்ட கடமை ஆவியாகிவிடுவதில்லை, மிச்சமாக நிற்கிறது. எங்கள் தொழிலில் இது தெரிந்த விஷயம். பழைய சிஸ்டத்தை நிறுத்துவது சரியான முடிவாகவே இருக்கலாம். அதை நம்பி ஓடிக்கொண்டிருந்தவை எவை என்று பட்டியல் எடுக்காமல் யாரும் நிறுத்த மாட்டார்கள். சர்வருக்குக் காட்டுகிற அந்த மரியாதையைத்தான் மாஸ்டருக்கும் கேட்கிறேன்.

அந்த மிச்சம் யார் கணக்கில் ஏறும்? கட்டி லாபம் பார்த்தவர்கள் கணக்கில் முதலில். அனுமதி கேட்காமல் கட்டியபோது கண்டுகொள்ளாத அலுவலகங்கள் கணக்கில் அடுத்து. காசு கொடுத்து நாற்காலியில் உட்கார்ந்தவர்களும், தீர்ப்பு வந்த அன்று சென்னையிலும் பெங்களூரிலும் இருந்தபடி 'யானை ஜெயித்தது' என்று பகிர்ந்து மகிழ்ந்தவர்களும் அதில் வருகிறார்கள். பல நேரம் இந்த இரண்டும் ஒரே ஆட்கள். யானைக்கு வழி விட்டதன் விலையை மாஸ்டர் ஒருவரே கட்டி முடித்திருக்கும்போது, அந்த மகிழ்ச்சி கடனில் வாங்கியது.