தொப்பியின் நிறம்

நீச்சல், மிதிவண்டி, ஓட்டம் மூன்றும் சேர்ந்த டிரையத்லான் நடக்கும் கடற்கரையில் விடிகாலையில் போய் நின்றால் முதலில் கண்ணில் படுவது தொப்பிகளின் நிறம். வயதுப் பிரிவுக்கு ஒரு நிறம், நிறத்துக்கு ஒரு தொடக்க நேரம். சில நிமிட இடைவெளி விட்டு ஒவ்வொரு குழுவாக நீரில் இறங்கும். அந்தக் கூட்டத்தில் ஒருவர் தமக்குத் தரப்பட்ட உறையைப் பிரிக்கிறார். வயது 46. உள்ளே இருப்பதோ முப்பதுகளில் இருப்பவர்களுக்கான தொப்பி. பதிவின்போது பிறந்த ஆண்டு பிசகியிருக்கலாம், உறைகள் மாறியிருக்கலாம். தவறு அவருடையதல்ல. இன்னும் கால் மணி நேரத்தில் போட்டி தொடங்கிவிடும். அவர் என்ன செய்ய வேண்டும்?

பதக்கத்துக்காக வராத, முழுத் தொலைவையும் கடந்தால் போதும் என்று வந்த ஒருவருக்கு எந்தக் குழுவில் கிளம்பினால் என்ன என்று தோன்றலாம். குழுக்கள் ஏன் வந்தன என்று பார்த்தால் அப்படித் தோன்றாது. 1974 செப்டம்பர் 25 அன்று அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் மிஷன் பே என்ற இடத்தில் இந்த விளையாட்டு பிறந்தபோது கலந்துகொண்டவர்கள் 46 பேர்தான். இன்று பெரிய போட்டிகளில் ஆயிரக்கணக்கானோர் சேர்கிறார்கள். அத்தனை பேரும் ஒரே நொடியில் நீரில் பாய்ந்தால் ஒருவர் கை இன்னொருவர் முகத்தில் அறையும், மூச்சுக்குத் தலை தூக்குபவர் மேல் மற்றவர் ஏறிப் போவார். ஹவாய் தீவின் கோனாவில் நடக்கும் அயர்ன்மேன் உலகப் போட்டியில் வயதுப் பிரிவு வீரர்கள் பெருங்கூட்டமாக நீரில் பாயும் வழக்கம் 2018 வரை இருந்தது. 2019இல் அங்கும் குழு குழுவாக அனுப்பத் தொடங்கினார்கள்.

ஆகவே தொப்பி நிறம் அலங்காரமல்ல. படகில் இருக்கும் உயிர்காப்பாளருக்கு எந்த நேரத்தில் எந்த நிறம் எங்கே நீந்திக்கொண்டிருக்க வேண்டும் என்பதை அதுதான் சொல்கிறது. நேரம் கணக்கிடுபவருக்கும் அப்படியே. கணுக்காலில் கட்டிய சிப் யாருடையது என்பதைச் சொல்லும். அவர் எப்போது கிளம்பினார் என்பது பல போட்டிகளில் குழுவின் தொடக்க நேரத்திலிருந்தே எடுக்கப்படும். 7.10க்குக் கிளம்ப வேண்டியவர் யாரிடமும் சொல்லாமல் 7 மணிக் குழுவோடு போனால், உழைக்காத பத்து நிமிடம் அவர் கணக்கில் வரவாகிவிடும்.

சாலையில் சமமாக ஓடுவதாகத் தெரியும் இருவர் உண்மையில் சமமாக ஓடவில்லை என்பது இந்த விளையாட்டின் தனித்தன்மை. எல்லைக் கோட்டை முன்னால் தாண்டியவர் பட்டியலில் பின்னால் இருக்கலாம். போட்டியாளர் தம் எதிராளியைக் கண்ணால் காணாமலே போட்டியிடுகிறார். அவருக்குத் தெரியாத யாரோ ஒருவர் சரியான குழுவில், சரியான நேரத்தில் கிளம்பியிருப்பார் என்ற நம்பிக்கை மட்டுமே பிடிமானம். அந்த நம்பிக்கை உடைந்தாலும் அவருக்குத் தெரியவராது. தவறான குழுவில் நின்று பேசாமல் இருப்பதை அற்ப விஷயமென்று ஒதுக்க முடியாததற்குக் காரணம் இதுதான்: பாதிக்கப்படுபவர் அந்த இடத்தில் இல்லை, தமக்காக வாதாட அவருக்கு வழியும் இல்லை.

இனி அந்த 46 வயதுக்காரரிடம் வருவோம். இளையவர்களின் பட்டியலில் அவர் பெயர் ஏறியிருந்தால் அவருக்குத்தானே நஷ்டம், பேசாமல் இருந்தால் யாருக்கென்ன என்று கேட்கலாம். இங்கேதான் அறம் நுட்பமாகிறது. அவர் மௌனமாக நீந்தி, மிதித்து, ஓடி முடிக்கிறார். முடிவுகள் வருகின்றன. தம் வயதுப் பிரிவில் வைத்துப் பார்த்தால் மூன்றாம் இடம் என்று தெரிகிறது. உடனே நேர மேசைக்குப் போய்த் தவறைச் சொல்கிறார். ஆவணப்படி அவர் சொல்வது உண்மை. ஆனால் மூன்றாம் இடத்தில் பதக்கம் வாங்கிக் குடும்பத்தோடு படம் எடுத்துக்கொண்ட ஒருவர் மேடையிலிருந்து இறக்கப்படுவார். முடிவு சாதகமாக இல்லாதிருந்தால் இவர் அந்த மேசைப் பக்கமே போயிருக்க மாட்டார் என்பதுதான் சிக்கல். காலையிலேயே தெரிந்த உண்மையைப் பலனைப் பார்த்துவிட்டு மாலையில் எடுத்து நீட்டுவது, உண்மையையே சீட்டுக்கட்டுபோல ஆடுவது. லாபமா நஷ்டமா என்று தெரியாத நேரத்தில், நீரில் இறங்குமுன் சொல்லும் சொல்லுக்குத்தான் நேர்மை என்று பெயர்.

இதைப் பெருந்தன்மையோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. 2020 செப்டம்பரில் ஸ்பெயினின் சாந்தாந்தேர் நகரில் நடந்த டிரையத்லானில் எல்லைக்கோட்டுக்குச் சற்று முன் ஜேம்ஸ் டீகிள் என்ற வீரர் வழி தவறித் தடுப்பில் முட்டிக்கொண்டார். பின்னால் வந்த தியேகோ மென்ட்ரிடா அவரைக் கடந்துவிட்டார். திரும்பிப் பார்த்து நடந்ததைப் புரிந்துகொண்டு, கோட்டின் முன் நின்று டீகிளுக்கு வழிவிட்டார். மூன்றாம் இடம் டீகிளுக்குப் போனது. அமைப்பாளர்கள் மென்ட்ரிடாவுக்கும் கௌரவ மூன்றாம் இடமும் அதே பரிசுத்தொகையும் தந்தார்கள். அது கொடை. வழி தவறியது டீகிளின் பிழை. மென்ட்ரிடா ஓடிப் போயிருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. தவறான தொப்பியைக் காட்டிச் சொல்வது அப்படிப்பட்டதல்ல. அது கடன். கடனைத் திருப்பித் தந்ததற்குக் கைதட்டல் எதிர்பார்க்கக் கூடாது. தராமல் இருந்துவிட்டு, கொடுக்க மனம் வரவில்லை என்றும் சொல்லக் கூடாது.

அமைப்பாளர்களுக்கும் கடன் உண்டு, அது இன்னும் பெரியது. டோக்கியோ ஒலிம்பிக்கில் 2021 ஜூலை 26 அன்று ஆண்கள் டிரையத்லான் தொடங்கியபோது, வீரர்களில் ஒரு பகுதியினருக்கு முன்னால் ஒரு படகு குறுக்கே நின்றது. ஒலி எழுந்ததும் மற்றவர்கள் பாய்ந்துவிட்டார்கள். படகுக்கு நேரே நின்றவர்கள் பாய முடியவில்லை. நீந்திப் போனவர்களைத் தடுத்துத் திருப்பி அழைத்து, போட்டியை முதலிலிருந்து தொடங்கினார்கள். உலகமே பார்த்துக்கொண்டிருக்க, தவறு எங்களுடையது என்று ஒப்புக்கொள்வது எளிதல்ல. ஆனால் செய்ய வேண்டியது அதுதான். உள்ளூர்ப் போட்டியில் ஒருவர் தொப்பியைக் காட்டிக் கேட்கும்போது, "இப்போ எல்லாம் மாத்த முடியாது சார், போய் நில்லுங்க" என்று விரட்டும் அலுவலர் அவரைப் பொய்க்குத் தள்ளுகிறார். குறைந்தபட்சம் எண்ணைக் குறித்துக்கொள்ளலாம். பட்டியலை மாலையில் திருத்தலாம். அதற்கு ஒரு பேனா போதும்.

சொல்லியும் திருத்தப்படாதவரின் நிலை வேறு. அவர் தம் கடமையைச் செய்துவிட்டார். பிறகு முறையிட்டால் அது அற்பத்தனமாகாது. பாதிக்கப்பட்டவரிடமே பொறுமையையும் விட்டுக்கொடுத்தலையும் கேட்பது அவருக்குச் செய்யும் இரண்டாவது அநீதி. ஆனால் கோபத்தில் தாமாகவே தொப்பியை மாற்றிக்கொண்டு வேறு குழுவில் நுழைந்துவிடக் கூடாது. உயிர்காப்பாளரின் எண்ணிக்கையில் ஒரு தலை குறைந்தால் அவர்கள் நீருக்குள் ஓர் உடலைத் தேடத் தொடங்குவார்கள்.

இப்போது பல போட்டிகளில் வேறொரு முறை வந்திருக்கிறது. நீச்சலை எத்தனை நிமிடத்தில் முடிப்பீர்கள் என்று கேட்டு, அதற்கேற்ற வரிசையில் வீரரையே போய் நிற்கச் சொல்கிறார்கள். இங்கே தவறான குழுவில் வைக்க யாரும் இல்லை. 45 நிமிடம் எடுப்பவர் 30 நிமிடப் பலகைக்கு அடியில் நின்றால் அது அவரே செய்தது. பின்னால் வருபவர்கள் அவரைச் சுற்றி நீந்த வேண்டும், அல்லது அவர்மேல் ஏறி நீந்த வேண்டும். குறுகிய மிதிவண்டிப் பாதையில் இதே நெருக்கடி தொடரும்.

போட்டிக்கு முந்தைய நாளே உறையைப் பிரித்து, தொப்பியின் நிறத்தையும் எண்ணையும் பிரிவையும் சரிபாருங்கள். போட்டி ஆண்டின் டிசம்பர் 31 அன்று உங்களுக்கு என்ன வயதோ அதை வைத்தே பொதுவாகப் பிரிவு பிரிக்கிறார்கள். பிழையென்று தோன்றுவது பிழையாக இல்லாமலும் போகலாம். பிழைதான் என்றால் அன்றே நேர மேசைக்குப் போய்ச் சொல்லுங்கள்.