ஜூனில் மட்டும் வேண்டாமே

ஸ்பீல்பெர்க்கின் 'க்ளோஸ் என்கவுன்டர்ஸ் ஆஃப் தி தேர்ட் கைண்ட்' (1977) பார்த்திருந்தால், வேற்றுக்கிரகத்துக் கப்பல் வந்து இறங்கும் அந்தப் பாறை ஞாபகம் இருக்கும். அது செட் இல்லை. அமெரிக்காவில் வயோமிங் மாநிலத்தில் நிஜமாகவே நிற்கிறது. டெவில்ஸ் டவர். பிரம்மாண்டமான பென்சில்களைக் கட்டுக் கட்டி நிறுத்தின மாதிரி, அடியிலிருந்து 867 அடி.

பாறை ஏறுபவர்களுக்கு அது சொர்க்கம். 1893-ல் இரண்டு பேர் விரிசலில் மரக்கட்டைகளை அடித்து ஏணி செய்து ஆரம்பித்து வைத்தார்கள். 1941-ல் ஓர் ஆசாமி பாராசூட்டில் உச்சியில் குதித்துவிட்டு, இறங்க முடியாமல் ஆறு நாள் உட்கார்ந்திருந்தது தனிக் கதை.

லகோட்டா உள்பட இருபதுக்கும் மேற்பட்ட பழங்குடிகளுக்கு அதே பாறை கோயில். 'கரடி வீடு' என்கிறார்கள். ஜூன் மாதம் முக்கியமான வழிபாட்டுக் காலம். கீழே நீங்கள் கண்மூடி நிற்க, கோபுரத்தின் மேல் ஒருவர் கயிறு கட்டித் தொங்கினால் எப்படி இருக்கும்?

அதனால் 1995-லிருந்து பூங்கா நிர்வாகம், 'ஜூனில் மட்டும் ஏறாதீர்கள், ப்ளீஸ்' என்று கேட்டுக்கொள்கிறது. கவனியுங்கள், தடை இல்லை; வேண்டுகோள்தான். காசு வாங்கிக்கொண்டு ஏற்றிவிடும் வழிகாட்டிகளுக்கு மட்டும் தடை போடப் பார்த்தார்கள். அரசாங்கம் ஒரு மதத்துக்காகச் சட்டம் போடக்கூடாது என்று வழக்கு வந்து, 1996-ல் நீதிபதி அதை நிறுத்திவிட்டார். வேடிக்கை என்னவென்றால், வல்லூறு கூடு கட்டும் பருவத்தில் அந்தப் பக்கத்துப் பாதைகளைக் கட்டாயமாகவே மூடுகிறார்கள். பறவையின் முட்டைக்குச் சட்டம். மனிதனின் பிரார்த்தனைக்கு 'ப்ளீஸ்'.

ஏறுபவரைக் கேட்டால், "என் உயிர், என் ரிஸ்க், உனக்கென்ன?" என்பார். நியாயம் மாதிரிதான் தோன்றும். ஆனால் டவரின் அடிவாரத்தைச் சுற்றிக் குவிந்திருக்கும் பாறைகள் எல்லாம் ஒரு காலத்தில் மேலே இருந்தவை. அதனால்தான் அனுபவஸ்தர்கள் கையை வைக்குமுன் தட்டிப் பார்க்கிறார்கள். 'டொக்'கென்று உள்ளே காலியாகக் கேட்டால் தொடமாட்டார்கள். மீறிக் கல் பெயர்ந்தால் முதல் வேலை, கீழே இருப்பவருக்குக் கேட்கிற மாதிரி கத்துவது. கீழே ஆள் இருக்கிறார் என்பது அவருக்கே தெரியும். பிறகென்ன 'என் ரிஸ்க்'?

"கல் விழுந்தால் யார் மண்டையும் உடையும். மனசு புண்படுவதை யார் அளப்பது?" என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். மனம் புண்பட்டதாகச் சொல்லி நம் ஊரில் எத்தனை படத்தை, புத்தகத்தை நிறுத்தியிருக்கிறார்கள்! அதனாலேயே எனக்கு இந்த போலீஸ் இல்லாத வேண்டுகோள் பிடிக்கிறது. தடைக்குப் பயந்து ஏறாதவரிடம் மரியாதை இருக்கிறதா, அபராதத்துக்குப் பணம் இல்லையா என்று கண்டுபிடிக்க முடியாது.

ஆரம்பத்தில் ஜூன் மாதக் கூட்டம் ஐந்தில் நாலு பங்குக்கு மேல் குறைந்தது. பிறகு மெள்ள மெள்ள ஏறத் தொடங்கியது. தண்டனை இல்லாத இந்த ஏற்பாட்டின் விலையை நானோ நீங்களோ கொடுப்பதில்லை, லகோட்டாக்காரர்கள் கொடுக்கிறார்கள். அது உறுத்துகிறது.

டவரில் ஏறுகிற எல்லோரும் முதலில் பெயரைப் பதிவு செய்ய வேண்டும். ஜூன் மாதம், நல்ல வெயில், ஆயிரம் மைல் கார் ஓட்டி வந்திருக்கிறீர்கள், வேண்டுகோளையும் படித்தாகிவிட்டது, யாரும் தடுக்கப் போவதில்லை. கையெழுத்துப் போடுவீர்களா?