பாட்டனார் உழைப்பும் பேரர்கள் பேச்சும்

நம்மவர்கள் நாலு பேர் கூடினால், பேச்சு எங்கே சுற்றினாலும் கடைசியில் பாட்டனாரிடம் வந்து நிற்கும். கிள்ளான் தெங்கு கெலானா சாலையானாலும் சரி, பிரிக்பீல்ட்ஸானாலும் சரி. கல்யாண விருந்தானாலும் சரி, கத்தம் பாத்திஹாவானாலும் சரி. “எங்கள் நன்னா கப்பல் விட்டு இறங்கியபோது கையில் ஒரு தகரப் பெட்டிதான்” என்று ஒருவர் ஆரம்பிப்பார். “எங்கள் நன்னா பத்து வருஷம் சாக்கின்மேல் படுத்துத் தூங்கியவர்” என்று இன்னொருவர் அதற்கு மேலே போவார். கேட்கக் கேட்க நெஞ்சு நிமிரும். நானும் இப்படிப் பேசியவன்தான்; யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஆனால் சகோதரர்களே, அந்தப் பெருமையில் நமக்கு என்ன பாத்தியதை? வியர்வை அவருடையது. நிமிரும் நெஞ்சோ நம்முடையது. இந்தக் கணக்கு எந்தப் பேரேட்டில் சரிவரும்?

இந்தக் கேள்வியை நானாகக் கேட்டுக் கொள்ளவில்லை. பள்ளி விடுமுறையில் கடைக்கு வந்திருந்த என் மகன் மூட்டை இறக்கச் சோம்பினான். வழக்கம்போல் பாட்டனார் கதையை எடுத்தேன். பையன் பணிவாகத்தான் கேட்டான்: “அத்தா, அவர் தூக்கின மூட்டையை நீங்களும் தூக்கவில்லையே?” எனக்குக் கோபம் வந்தது, பதில் வரவில்லை. மனிதனுக்கு அவன் முயன்றதைத் தவிர வேறில்லை என்று திருமறை கூறுவதை எத்தனை பயானில் கேட்டிருக்கிறோம்! அது பாட்டனாரின் முயற்சிக்கும் பேரனின் பெருமைக்கும் பொருந்தும் என்று அன்றுவரை எனக்குத் தோன்றியதில்லை.

உழைத்து மறைந்த பெரியவரைக் குடும்பத்தார் எப்படி ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதற்கு எங்கள் இராமநாதபுரம் ஜில்லாவிலேயே ஓர் உதாரணம் உண்டு. இராமேஸ்வரம் பள்ளிவாசல் தெருவில் வாழ்ந்த மர்ஹூம் ஜைனுலாப்தீன் மரைக்காயர் அவர்கள். இந்திய ஜனாதிபதியாக இருந்த மர்ஹூம் டாக்டர் அப்துல் கலாம் அவர்களின் தந்தையார். அந்தக் குடும்பம் ஒரு காலத்தில் படகும் வியாபாரமும் நிலபுலனுமாகச் செழித்திருந்தது. 1914-ல் பாம்பன் ரயில் பாலம் திறக்கப்பட்டதும் யாத்திரீகர்கள் ரயிலேறினார்கள். படகுத் தொழில் படுத்தது. (வாசலில் பாதை மாறினால் கடை என்ன ஆகும் என்பது நமக்கும் தெரிந்த கதைதானே!) எஞ்சியது வீடு ஒன்றுதான். அந்தப் பெரியவர் அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து தொழுதுவிட்டு, நாலு மைல் தூரத்திலுள்ள தென்னந்தோப்புக்கு நடந்து போய், ஒரு டஜன் தேங்காயைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பிய பிறகே காலை ஆகாரம் சாப்பிடுவாராம். அறுபது வயது தாண்டியும் இந்த வழக்கம் நிற்கவில்லை. இராமேஸ்வரத்துக்கும் தனுஷ்கோடிக்கும் யாத்திரீகர்களை ஏற்றிச் செல்லப் பாய்மரப் படகு கட்டினார். அதையும் புயல் கொண்டு போயிற்று. 1976-ல் 102 வயதில் வபாத்தானார்.

மகனார் இவற்றையெல்லாம் எழுதினார். 1999-ல் ஆங்கிலத்தில் வெளியாகி, “அக்னிச் சிறகுகள்” என்று தமிழிலும் வந்த நூலில் படிக்கலாம். ஆனால் என் மனத்தில் தைத்தது தேங்காயல்ல. தகப்பனார் ஊராட்சித் தலைவரானபோது, வீட்டில் தனியாக இருந்த சிறுவன் யாரோ கொண்டுவந்த வெகுமதியை வாங்கி வைத்துவிட்டான். அதற்காகத் தகப்பனாரிடம் அடி வாங்கினான். இதை அவர் ஜனாதிபதியான பின்பும் மேடைகளில் மறைக்காமல் சொன்னார். அது மட்டுமா? சென்னையில் எம்.ஐ.டி. கல்லூரியில் சேர ஏறக்குறைய ஆயிரம் ரூபாய் தேவைப்பட்டபோது, தகப்பனாரிடம் அவ்வளவு பணமில்லை. தமக்கையார் ஜொஹரா தம்முடைய தங்க வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார். சம்பாதித்து அந்த நகைகளை மீட்க வேண்டுமென்று தம்பி உறுதி செய்துகொண்டார். அதையும் எழுதிவைத்தார். தகப்பனாரின் உழைப்பைச் சொல்லும் அதே வாயால், தமக்கையின் நகையையும் சொன்னார். நாம் பாட்டனார் கதை சொல்லும்போது அந்தக் கதையில் பெண்பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்று நினைத்துப் பாருங்கள். அடுப்படியில்கூட இல்லை!

இனி எங்கள் வீட்டுக் கதையைச் சொல்கிறேன். எங்கள் நன்னா முதுகுளத்தூர் பக்கத்துச் சம்சாரி. மானம் பார்த்த பூமி. கண்மாய் நிறைந்தால் மிளகாய், நிறையாவிட்டால் கடன். 1937-ல் நாகப்பட்டினத்தில் “ரஜூலா” கப்பலேறி, இன்று போர்ட் கிள்ளான் என்கிற போர்ட் ஸ்வெட்டன்ஹாமில் இறங்கினார். முதலில் மளிகைக் கடைச் சிப்பந்தி. பிறகு சைக்கிளில் துணி மூட்டையைக் கட்டிக்கொண்டு, சம்பள நாள் பார்த்துத் தோட்டந் தோட்டமாகப் போனார். கிள்ளானில் சொந்தக் கடை வீடு வாங்க இருபது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. பிள்ளைகள் இருவரையும் இங்கே அழைத்து, கடையைக் கையில் கொடுத்துவிட்டு, 1978-ல் ஊருக்குத் திரும்பியவர் சும்மா உட்கார்ந்தாரா? மறுபடியும் மண்வெட்டியை எடுத்தார். விடுமுறைக்கு ஊருக்குப் போன சிறுவனான நான் பார்த்தது அந்த நன்னாவைத்தான்: சுபுஹுத் தொழுகைக்குப்பின் மிளகாய்க் கொல்லையில் குனிந்த முதுகு, லுஹருக்குத்தான் நிமிரும். தம் கையால் உழைத்து உண்பதைவிடச் சிறந்த உணவில்லை என்று பெருமானார் (ஸல்) அவர்கள் கூறியதை யாரேனும் ஓதினால், எனக்கு அந்த முதுகுதான் ஞாபகத்துக்கு வரும்.

இதுதான் நான் ஊரெல்லாம் சொல்லிவந்த கதை. இதில் பொய் ஒன்றுமில்லை. ஆனால் பாதிதான் இருந்தது.

மறு பாதி என் அத்தாவின் தமக்கை, எங்கள் குப்பியிடம் இருந்தது. நன்னா கப்பலேறியபோது குப்பி நன்னியின் வயிற்றில் ஏழு மாதம். மாதாமாதம் மணியார்டர் வரும், ஆள் வரமாட்டார். 1942 ஜனவரியில் கோலாலம்பூர் ஜப்பானியர் வசமானதும் மணியார்டரும் நின்றது, கடிதமும் நின்றது. மூன்றரை வருஷம் நன்னா உயிரோடிருக்கிறாரா என்றே தெரியாது. நன்னி பனையோலைப் பெட்டி முடைந்தார். இருந்த ஒரு ஜோடி வளையலையும் விற்றார். இங்கே நன்னாவும் சுகமாக இல்லை. வாழைமரம் அச்சிட்ட ஜப்பான் நோட்டாகச் சேர்த்ததெல்லாம் 1945-ல் வெறுங் காகிதமாயிற்று. 1947-ல் அவர் ஊருக்கு வந்தபோது குப்பிக்குப் பத்து வயது. “வாசலில் யாரோ சபராளி வந்து நிற்கிறார் என்று கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அம்மாதான் ‘உன் அத்தா, போய் ஸலாம் சொல்’ என்று தள்ளிவிட்டார்கள்” என்று குப்பி ஒருநாள் சொன்னார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

அன்று எனக்கு ஒன்று புரிந்தது. நன்னா சுமந்தது மூட்டை. அந்த மூட்டைக்கு வாடகை கொடுத்தது அந்தச் சிறுமி. பத்து வருஷம் தகப்பன் முகம் பார்க்காமல் கொடுத்தாள். ஆகையால் அந்த உழைப்பில் விளைந்ததில் முதல் பாத்தியதை யாருக்கு என்று கேட்டால், இங்கே வந்து ஆளான என் அத்தாவுக்கும் சின்னத்தாவுக்கும் மட்டும் என்று சொல்ல வாய் வருமா?

நன்னா 1996-ல் மௌத்தானார். மறுவருஷம் நன்னி. சொத்து பிரிக்கப்படவில்லை. நம் வீடுகளில் வழக்கமாக நடப்பதுதான் நடந்தது: கிள்ளான் கடை ஆண்மக்கள் கையில், ஊர் நிலம் குத்தகையில், குப்பி தம் வீட்டில். என் அத்தாவும் மௌத்தானபின் பழைய பெட்டியைத் துப்புரவு செய்தபோது நன்னாவின் பற்று வரவு நோட்டுகள் கிடைத்தன. அரபுத் தமிழில் எழுதியவை. எங்கள் வீட்டில் மதரஸாவில் உட்கார்ந்து ஓதியவன் நான் ஒருவனே; ஆகையால் அந்த எழுத்தைக் கூட்டிப் படிக்கக் கூடியவனும் நான் ஒருவனே. கடைசி நோட்டின் கடைசிப் பக்கத்தில் குப்பியின் பெயரை எழுதி, அவர் பங்கு அவருக்குச் சேர வேண்டும், ஆண்மக்கள் மறக்க வேண்டாம் என்று குறித்திருந்தார்.

சகோதரர்களே, அதைப் படித்த நான் நோட்டை மூடினேன். நான்கு வருஷம் யாரிடமும் சொல்லவில்லை. அந்த நான்கு வருஷமும் பாட்டனார் உழைப்பைப் பற்றிப் பேசுவதை மட்டும் நிறுத்தவில்லை.

நன்னா எழுதியிராவிட்டாலும் கணக்கு மாறியிருக்காது. அந்நிஸா அத்தியாயத்தில் அல்லாஹ்வே பிரித்து வைத்த கணக்கு அது. மய்யித்தின் கடனும் வஸிய்யத்தும் போக மீதியை எங்கள் குடும்பத்துக்கு 40 பங்காக்கினால், மனைவிக்கு 5, ஆண்மக்கள் இருவருக்கும் தலைக்கு 14, மகளுக்கு 7. பின்னர் நன்னியின் 5 பங்கிலும் மகளுக்கு 1 சேரும். ஆக 40-ல் 8. அதாவது ஐந்தில் ஒன்று. கடையில் சில்லறைக் கணக்குப் போடத் தெரிந்த எவருக்கும் இது ஒரு நிமிஷ வேலை. சட்டமும் குறுக்கே நிற்கவில்லை. இங்கே ஷரீஅத் நீதிமன்றம் பராயிள் சான்றிதழ் தருகிறது. ஊர் நிலத்துக்கும் நம் ஷரீஅத்தே பொருந்தும்படி சென்னை மாகாணத்தில் 1949-லேயே சட்டம் திருத்தப்பட்டுவிட்டது. தடையாக நிற்பது நம் நாக்குதான். “கல்யாணத்தில் நகை போட்டோமே” என்கிறோம். நகை தகப்பன் உயிரோடிருந்தபோது கொடுத்த அன்பளிப்பு. மௌத்துக்குப் பின் வரும் பங்கு வேறு. “அவர்களே விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள்” என்கிறோம். பங்கைக் கையில் கொடுத்தபின் அவர்கள் மனமுவந்து திருப்பித் தந்தால் அது பெருந்தன்மை. கொடுப்பதற்கு முன்பே, அண்ணன் தம்பி உறவு முறிந்துவிடுமோ என்ற பயத்தில் போடும் கையெழுத்துக்கு என்ன பெயர் வைப்பது?

இறந்தவர்களின் நற்குணங்களையே பேசுங்கள் என்ற நபிமொழியைச் சிலர் எனக்கு எடுத்துக் காட்டக்கூடும். நான் நன்னாவைக் குறை கூறவில்லை. பத்து வருஷம் வராமலிருந்தது அவர் குற்றமா, பஞ்சத்தின் குற்றமா, யுத்தத்தின் குற்றமா என்று தீர்ப்புச் சொல்ல நான் காஜியல்ல. அவர் மறக்கவில்லை என்பதற்கு அந்த நோட்டே சாட்சி. மறைத்தவன் நான்.

சென்ற ரமலானுக்கு முன் ஊருக்குப் போய்க் குப்பியைப் பார்த்தேன். எண்பத்தெட்டு வயது, காது கொஞ்சம் மந்தம். நிலம், கடை, பங்கு, தொகை எல்லாம் விவரமாகச் சொன்னேன். அவற்றை அவர் சரியாகக் கேட்டதாகவே தெரியவில்லை. “என் பெயரையா எழுதியிருக்கிறார்கள்? எங்கே, காட்டு” என்றார். நோட்டை மடியில் வைத்துக்கொண்டு, படிக்கத் தெரியாத அந்த எழுத்தின்மேல் விரலை ஓட்டினார். இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார். நான்கு வருஷம் பிந்தி வந்தேன் என்பதையும் ஒப்புக்கொண்டேன். அதற்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை.

ஊர் நிலத்தை அளக்கச் சர்வேயர் வந்துவிட்டுப் போயிருக்கிறார். என் அத்தாவின் பாகத்துக்கு நானும் உடன்பிறந்தாரும் கையெழுத்திட்டுவிட்டோம். கிள்ளான் கடை வீட்டுக்குச் சின்னத்தாவின் சம்மதமும் வேண்டும். மூத்தவர், அவரைக் கேளாமல் இதை எழுதுவது மரியாதையல்ல என்று அச்சுக்குக் கொடுக்குமுன் அவரிடம் போய் முழுவதையும் வாசித்துக் காட்டினேன். நெடுநேரம் பேசாமலிருந்துவிட்டு, “சரி, போடு” என்றார். பத்திரம் மட்டும் இன்னும் அவருடைய மேஜையில்தான் இருக்கிறது.